குறைத்துக் கேளுங்கள், கணக்கோடு கேளுங்கள்

கேள்வி: நான் வலைத்தள வடிவமைப்பு வேலை செய்கிறேன். எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் மாதத்துக்கு ஓர் ஊர் என்று தங்கி வேலை பார்த்து வருகிறேன். வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடுகிறது. மாதக் கணக்கில் தங்குகிறவர்கள் பேரம் பேசலாம் என்கிறார்கள். எனக்கோ கேட்கவே கூச்சம். ஒருமுறை துணிந்து, "வீடு மிகவும் அழகாக இருக்கிறது. என் பட்ஜெட் குறைவு. வாடகையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று ஒருவருக்கு எழுதினேன். பதிலே வரவில்லை. இப்போது இன்னொரு வீட்டுக்காரர், முன்பதிவுத் தளம் வேண்டாம், முழுத் தொகையையும் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் 20 சதவீதம் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? அடுத்த ஊருக்குக் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்காரருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் நேரில் பார்க்காத வீட்டுக்கு, முகம் தெரியாத ஒருவரின் கணக்கில், ஒரு மாத வாடகையை முழுதாகச் செலுத்திவிட்டால் அதன்பிறகு உங்கள் கையில் எதுவும் இல்லை. படத்தில் பார்த்த வீடு அங்கே இல்லை என்றாலும், கதவைத் திறக்க ஆளே வரவில்லை என்றாலும், வங்கியில் போய்ச் சேர்ந்த பணத்தைத் திரும்ப வாங்கித் தர யாரும் வர மாட்டார்கள். அடுத்தவர் வீட்டுப் படங்களைத் தன்னுடையது என்று காட்டி, "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்றே அனுப்பிவிடுங்கள்" என்று அவசரப்படுத்திப் பணம் பறிப்பது இந்தத் துறையில் பழகிப்போன மோசடி. ஏர்பிஎன்பி போன்ற வீட்டு முன்பதிவுத் தளங்களில் பேச்சைத் தொடங்கிவிட்டுப் பணத்தை மட்டும் வெளியே செலுத்துவது தளத்தின் விதிகளுக்கும் எதிரானது. உங்கள் கணக்கையே முடக்கக்கூடும். அந்த 20 சதவீதத்தில் ஒரு பகுதி தளக் கட்டணம் மிச்சமாவதால் வருவது. அந்தக் கட்டணத்துக்கு ஈடாக உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துத்தான் நீங்கள் அந்தத் தள்ளுபடியை வாங்குகிறீர்கள். அதிலும் தனியாகப் பயணம் செய்கிறீர்கள். வீட்டுக்காரர் யார், நீங்கள் எந்த முகவரியில் தங்கியிருக்கிறீர்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு பதிவு இருப்பதை எந்தச் சதவீதத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

இனி பேரத்துக்கு வருவோம். மற்றவர்களுக்குச் சொந்தமான, சாமான்களோடு வாடகைக்கு விடப்படும் வீடுகளை அவர்கள் சார்பில் நிர்வகிப்பது என் தொழில். குறைத்துக் கேட்டு வரும் செய்திகளை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவன் நான். உங்கள் செய்திக்கு ஏன் பதில் வரவில்லை என்பது எனக்குப் படித்தவுடனே தெரிந்தது. அதில் தேதி இல்லை. எத்தனை நாள் என்பது இல்லை. எவ்வளவு தருவீர்கள் என்பதும் இல்லை. இருப்பதெல்லாம் உங்கள் பணமுடை. வீட்டுக்காரர் பதில் எழுத வேண்டுமானால் நாட்காட்டியைத் திறந்து, கணக்குப் போட்டு, ஒரு தொகையைத் தானே யோசித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவு செய்தபின்பும் நீங்கள் வருவீர்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதனால் அவர் அடுத்த செய்திக்குப் போய்விட்டார். கோபமோ அவமதிப்போ அதில் இல்லை.

கூச்சம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் இரக்கம் கேட்டுப் போகவில்லை. வீட்டுக்காரருக்கு மிகவும் வேண்டிய ஒன்று உங்களிடம் இருக்கிறது: காலியாகக் கிடக்கப்போகும் இரவுகளை ஒரே கையில் நிரப்பித் தருகிறீர்கள். அதன் மதிப்பு என்ன என்று அவர் இடத்தில் இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓர் இரவுக்கு 100 என்று விலை போட்டிருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். எந்த நாணயம் என்பது இங்கே முக்கியமில்லை. முப்பது இரவுக்கு 3,000 என்றுதான் வருகிறவர் நினைக்கிறார். வீட்டுக்காரர் கைக்கு அது வருவதே இல்லை. கூட்டம் குறைந்த மாதத்தில் 18 இரவுகள் நிரம்பினால் அவருக்குக் கிடைப்பது 1,800. அந்த 18 இரவுகளும் மூன்று மூன்று நாளாக ஆறு பேர் வந்து தங்கியதாக இருக்கும். ஆறு முறை சாவி கொடுக்க வேண்டும், ஆறு முறை படுக்கை விரிப்பும் துண்டும் சலவைக்குப் போக வேண்டும், ஆறு முறை துப்புரவுக்கு ஆள் வர வேண்டும். நள்ளிரவில் "வெந்நீர் வரவில்லை" என்று வரும் செய்திகள் தனி. இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவே ஓரிரு இரவுகள் சிக்கிக்கொள்ளும். குறைந்தது மூன்று இரவு என்று விதி வைத்திருந்தால் அவற்றை விற்கவே முடியாது. இந்த நிலையில் ஒருவர் வந்து முப்பது இரவுக்கும் சேர்த்து 2,000 தருகிறேன் என்றால், பார்வைக்கு அது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வீட்டுக்காரருக்கோ லாபம்.

இதே வீடு கூட்டம் மிகுந்த மாதத்தில் 27 இரவுகள் நிரம்பும். அப்போது 2,000 என்று கேட்டால் அவர் சிரிக்கக்கூட மாட்டார். ஆகவே உங்கள் பேரத்தின் பலம் உங்கள் பேச்சுத் திறமையில் இல்லை, அந்த மாதத்தின் காலி இரவுகளில்தான் இருக்கிறது. கூட்டம் மிகுந்த காலத்தில் ஒரு வீட்டுக்காரரை மன்றாடிக் களைத்துப்போவதைவிட, அந்த ஊரையே இரண்டு மாதம் தள்ளிப்போடுவது நல்லது. உங்களுக்கு இருக்கும் பெரிய வசதியே அதுதான். விடுமுறைக்குச் சுற்றுலா வருகிறவரால் முடியாதது உங்களால் முடியும்.

காலி இரவுகளை எப்படித் தெரிந்துகொள்வது? தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நாட்காட்டி இருக்கிறது. நீங்கள் போக நினைக்கும் நாட்களைத் திறந்து பாருங்கள். அடுத்தடுத்துக் காலியாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். இடையில் ஒன்றும் நிரம்பவில்லை என்றால், அந்த வீட்டுக்காரர் உங்கள் செய்தியை முழுதாகப் படிப்பார். அடைபட்டிருக்கும் நாட்கள் எல்லாமே முன்பதிவு என்று எண்ணிவிடாதீர்கள். உரிமையாளரே தன் தேவைக்காகவோ பழுதுபார்ப்பதற்காகவோ சில நாட்களை மூடி வைப்பதுண்டு.

செய்தி எழுதுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஏர்பிஎன்பியில் 28 இரவுகளைத் தொட்டதும் மாதத் தள்ளுபடி, வீட்டுக்காரர் வைத்திருந்தால், தானாகவே கழிந்துவிடும். 25 இரவுக்கு ஆகும் மொத்தத்தைவிட 28 இரவுக்கு ஆகும் மொத்தம் குறைவாக இருப்பதுகூட உண்டு. தேதியை மாற்றி மாற்றிப் போட்டு மொத்தத் தொகையைப் பாருங்கள். ஓர் இரவின் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துப்புரவுக் கட்டணம் தங்கலுக்கு ஒருமுறைதான் என்பதால் நாள் கூடக்கூட அதன் பாரம் குறையும். தானாகக் கழிந்த தள்ளுபடியே 40 சதவீதம் என்றால் அதற்கு மேல் கேட்பதற்கு அதிக இடமில்லை. தள்ளுபடியே வைக்காத வீடுகளில்தான் பேச வழி இருக்கிறது. மாதக் கணக்கில் தங்க ஆள் வருவார் என்ற நினைப்பே அந்த வீட்டுக்காரர்களில் பலருக்கு இருப்பதில்லை.

இப்போது செய்தி. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். வரும் 3ஆம் தேதி முதல் 30 இரவுகள் தங்க ஓர் இடம் தேடுகிறேன். ஒருவர் மட்டும் தங்குவதற்கு. பகலில் கணினியில் வேலை. புகைப்பழக்கம் இல்லை, விருந்து, கூட்டம் எதுவும் இருக்காது. உங்கள் வீட்டில் சன்னலோரம் மேசை இருப்பது என் வேலைக்குப் பொருத்தமாக இருக்கிறது. வாடகை மொத்தமாக 2,000, தளத்தின் கட்டணம் தனி என்றால் இன்றே முன்பதிவு செய்துவிடுகிறேன். இடையில் துப்புரவுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. விரிப்புகளை நானே துவைத்துக்கொள்வேன். உங்களுக்குச் சம்மதமானால் இந்தத் தளத்திலேயே அந்தத் தொகைக்கு ஒரு சலுகை விலை அனுப்புங்கள்."

இதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் வீட்டுக்காரரின் ஒரு கவலைக்குப் பதில். தேதியும் தொகையும் இருப்பதால் அவர் ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். "இன்றே" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பார்க்கலாம், யோசிக்கலாம் என்கிறவர்களுக்கு யாரும் விலையைக் குறைப்பதில்லை. ஏர்பிஎன்பியில் வீட்டுக்காரர் தனக்குச் சம்மதமான தொகையைப் போட்டு உங்களுக்கு மட்டும் ஒரு சலுகை விலையை அனுப்ப முடியும். அது 24 மணி நேரம்தான் செல்லும். வந்தவுடன் உறுதிசெய்துவிடுங்கள். "ஒருவர்" என்று எழுதினால் போதும். தனியாக வரும் பெண் என்பதை முன்பின் தெரியாதவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடாதவை சில உண்டு. வீட்டில் குறை கண்டுபிடித்து விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். சமையலறை சிறியது, சுவரின் நிறம் பழையது என்று எழுதுகிறவரை வீட்டுக்குள் விட்டால் கடைசியில் புகார்தான் எழுதுவார் என்று வீட்டுக்காரர் அஞ்சுவார், அந்த அச்சம் நியாயமானது. நல்ல மதிப்புரை எழுதுகிறேன், விலையைக் குறையுங்கள் என்று பேசுவதையும் தளங்கள் அனுமதிப்பதில்லை. மூன்று மாதம் இருப்பேன் என்று சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் கிளம்பும் நோக்கத்தோடு பேசுவது ஏமாற்று. அடுத்து வரும் உண்மையான ஆளுக்கும் அது கதவை அடைத்துவிடுகிறது.

மாதக் கணக்கில் தங்கி வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் என்றதும் வீட்டுக்காரருக்கு ஒரு தயக்கம் வரும். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சுற்றுலா வந்தவர் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு போனால் இரவில்தான் திரும்புவார். நீங்கள் நாள் முழுவதும் உள்ளேயே இருப்பீர்கள். குளிரூட்டியோ வெப்பமூட்டியோ பகல் முழுவதும் ஓடும். மின் கட்டணம் எவ்வளவு வருமோ என்ற பயத்திலேயே சிலர் விலையைக் குறைக்க மறுக்கிறார்கள். இதை நீங்களே எடுத்துப் பேசுங்கள். மாதத்துக்கு இவ்வளவு யூனிட் வரை வாடகையில் அடங்கட்டும், அதற்கு மேல் போனால் நான் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள். நுழைந்த அன்றே மின்மீட்டர் முன் நின்று, எண்கள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். கிளம்பும் நாளிலும் அப்படியே செய்யுங்கள். மீட்டர் படத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர்களின் பேச்சுத் தொனியே மாறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். கணக்கு வழக்கில் சுத்தமான ஆள் என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிடும். இந்த ஏற்பாட்டையும் தளத்தின் செய்திப்பெட்டியிலேயே எழுதி முடித்துக்கொள்ளுங்கள். பிறகு வாய்ப்பேச்சு வேண்டாம்.

கேட்ட தொகைக்கு அவர் இறங்கி வராமல் நடுவில் ஒரு தொகை சொன்னால், ஒருமுறை பதில் சொல்லலாம். இரண்டாம் முறை இழுக்க வேண்டாம். ஒரு மாதம் அவர் வீட்டில்தான் இருக்கப்போகிறீர்கள். குழாய் ஒழுகினால் அவரைத்தான் அழைக்க வேண்டும். கடைசிச் சில்லறை வரை கறந்துவிட்ட பேரம் அந்த ஒரு மாதமும் கசப்பாகவே இருக்கும். தொகை அசையவில்லை என்றால் வேறொன்றைக் கேளுங்கள்: நாள் முழுதும் உட்காரக்கூடிய ஒழுங்கான நாற்காலி, நடுவில் ஒருமுறை இலவசத் துப்புரவு, முதல் நாள் காலையிலேயே உள்ளே வர அனுமதி. பணத்தில் இறங்காத வீட்டுக்காரர்கள் இவற்றுக்கு எளிதாக இணங்குவார்கள். இணைய வேகத்தை மட்டும் சலுகையாகக் கேட்காதீர்கள். அது அடிப்படைத் தேவை. பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம் இரண்டும் தெரியும்படி வேகச் சோதனையின் படத்தை முன்பதிவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். காணொளிக் கூட்டங்களில் உங்கள் குரல் அறுந்துபோவது பெரும்பாலும் பதிவேற்ற வேகம் குறைவாக இருப்பதால்தான்.

வேறு சில காரணங்களும் விலையை ஆட்டுகின்றன. நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல் விதி இறுகிவிட்டது. உரிமையாளர் உடன் தங்காத வீட்டை 30 நாளுக்குக் குறைவாக விட முடியாது. அப்படிப்பட்ட ஊர்களில் மாதக் கணக்கில் தங்குகிறவரைத்தான் வீட்டுக்காரர்கள் தேடுகிறார்கள். கலிபோர்னியாவில் இதற்கு நேர்மாறு. 30 நாளைத் தாண்டித் தங்குகிறவருக்கு வாடகைக் குடியிருப்பாளரின் சட்ட உரிமைகள் சில வந்துவிடும் என்பதால், 28 அல்லது 29 இரவோடு நிறுத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் அங்கே உண்டு. ஒருவர் 31ஆம் இரவுக்கு ஏன் தயங்குகிறார் என்று தெரிந்தால், அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க மாட்டீர்கள். 28 இரவுக்கு நல்ல விலை கேட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவீர்கள். எந்த ஊராக இருந்தாலும், விசாவில் அனுமதிக்கப்பட்ட நாட்களைத் தாண்டி வாக்குக் கொடுக்காதீர்கள். விசா இல்லாமலோ குறுகிய கால விசாவிலோ ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போனால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் அனுமதி என்பதை மறந்து நீண்ட வாடகை பேசியவர்கள் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

ரத்து விதியை நிச்சயம் படியுங்கள். இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஏர்பிஎன்பியில் 28 இரவோ அதற்கு மேலோ தங்குவதற்குத் தனி ரத்து விதி உண்டு. பொதுவாக, நுழையும் நாளுக்கு 30 நாள் முன்பே ரத்து செய்தால்தான் முழுப் பணமும் திரும்பும். தங்கத் தொடங்கியபின் கிளம்பினால், தங்கிய இரவுகளோடு மேலும் 30 இரவுகளுக்கான வாடகையும் போய்விடும். அதாவது மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பேசி இன்னும் கொஞ்சம் விலையைக் குறைத்துவிட்டு, இரண்டாம் வாரத்திலேயே பக்கத்தில் கட்டட வேலை தொடங்கிச் சத்தம் தாங்காமல் கிளம்பினால், குறைத்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். பார்க்காத வீட்டில் மூன்று மாதம் வேண்டாம். முதலில் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே செய்தியிலேயே, "பிடித்திருந்து இரண்டாம் மாதமும் நீட்டித்தால் வாடகை எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மாதத்துக்கு அவர் இன்னும் இறங்கி வருவார். அதற்குள் உங்களை அவருக்குத் தெரிந்திருக்கும்.

தளமே வேண்டாம், இன்னும் குறைவாக வேண்டும் என்றால் அதற்கும் ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. முதல் நான்கைந்து நாட்களுக்கு மட்டும் ஒரு சின்ன அறையை எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் உள்ளூர் வாடகை விளம்பரங்களையும் தரகர்களையும் பார்த்து, நேரில் போய் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். இரவில் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பிடித்திருந்தால் எழுத்து ஒப்பந்தம், பணத்துக்கு ரசீது, முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்ப வரும் என்பது, இவை மூன்றும் கைக்கு வந்தபின் பணம் கொடுங்கள். நேரில் நிற்கும் ஆளுக்கு, நாளைக்கே குடிவரத் தயாராக இருக்கும் ஆளுக்கு, வீட்டுக்காரர்கள் கொடுக்கும் விலை திரையில் தெரியும் விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. கூட்டம் மிகுந்த மாதங்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தங்க இடமில்லாமல் வேலை நாளின் நடுவில் வீடு தேடி அலைவது உங்கள் வருமானத்தையே பாதிக்கும்.

உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. கூட்டம் குறைந்த மாதமாக இருந்தால் பேரத்துக்கு இது நல்ல நேரம். மூன்று மாதம் முன்பே கேட்டால் வீட்டுக்காரர் நல்ல விலைக்கு ஆள் வரும் என்று காத்திருப்பார். இரண்டு, மூன்று வாரம்தான் இருக்கிறது, நாட்காட்டியும் காலி என்னும்போது மனம் இளகும். ஐந்தாறு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன மாதிரியில், ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டைப் பற்றிய ஒரு வரியை மாற்றி எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பினால் இரண்டு பேர் ஒன்றாகச் சம்மதித்து நீங்கள் வாக்குத் தவற நேரும். ஆகவே முதலில் மிகவும் பிடித்த இரண்டுக்கு அனுப்பி, ஒரு நாள் பொறுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒருவரிடம் உறுதியானதும் மற்றவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். அதே ஊருக்கு மறுபடி போகும்போது அவர்களில் ஒருவரிடமே கேட்க வேண்டி வரலாம்.

குடிபோனபின் மூன்றாம் வாரத்தின் தொடக்கத்திலேயே நீட்டிப்பைப் பற்றிப் பேசுங்கள். கடைசி நாள் வரை தள்ளிப்போட்டால் அதற்குள் வேறொருவர் அந்த நாட்களைப் பிடித்துவிடுவார். இரண்டாம் மாதத்துக்கென்று முன்பே பேசி வைத்த தொகையை நினைவூட்டி, தளத்திலேயே தேதியை மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். மின்மீட்டரின் அன்றைய படத்தையும் அந்தச் செய்தியோடு சேர்த்து அனுப்புங்கள்.